விருதுப் படத்தில் ஒரு தப்பான பெயர்

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் டப்பிங் தியேட்டர்களில் அதைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அழுகையக்கா என்றால்தான் தெரியும். கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிற பெண்கள் வசனத்தை மட்டும் பேசி முடித்துவிட்டு, அழுகையை அக்கா வந்து போடட்டும், எங்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவள் வருவாள். பிணத்தின் மேல் விழுந்து அழுவது, கதவுக்குப் பின்னால் நின்று அழுவது, புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுவது, எது கேட்டாலும் கைவசம் இருந்தது. கண்ணில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் வராது. முடிந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்துவிட்டு, சரியாக இருந்ததா என்று கேட்பாள். கொத்தனார் சுவர் எழுப்புகிற மாதிரி அவள் அழுகையை எழுப்பினாள். தொழில் என்றால் அப்படித்தானே இருக்கும்?

அந்தத் தொழில்தான் கடைசியில் அவள் வீட்டுக்குள்ளேயே புகுந்து விளையாடிவிட்டது.

அவளுக்கு ஒரே மகள். குறைமாதத்தில் பிறந்தவள், உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தாள். அப்பாக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, கடுகு மாதிரி இருக்கு" என்றார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பெயருக்கேற்ற மாதிரி சூடு பட்டால் வெடிக்கவும் செய்வாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு அம்மாவும் பெண்ணும்தான். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு போர்வையில் தூங்கி, ஒருத்திக்கு இருமல் வந்தால் இன்னொருத்திக்கும் வந்து, அப்படி இருந்தார்கள்.

படித்து வேலைக்குப் போன மகள், ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். பையன் தங்கமான பையன். வேலை மட்டும் கடல் தாண்டி. அம்மாவுக்கு அவளை அனுப்ப மனசில்லை. வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அழுதாள். சாப்பிடும்போது அழுதாள், துணி மடிக்கும்போது அழுதாள், தலைவாரிக்கொண்டே அழுதாள். பெண் கரைந்துபோய், ஒரு வருஷம் போகட்டும் என்று பையனிடம் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஒருநாள் அம்மா மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கண்ணாடி இல்லாமல் வசனத்தைப் படிக்க முடியாதே என்று மகள் அதை எடுத்துக்கொண்டு தியேட்டருக்கே வந்தாள். உள்ளே ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளை உட்காரவைத்தார்கள். திரையில் யாரோ ஒரு தாய், மைக் முன்னால் அழுகையக்கா. அதே அழுகை. அதே இழுப்பு, நடுவில் அதே விக்கல், கடைசியில் மூச்சு உடைந்து ஒரு "ம்" வருமே, அதுவும் அச்சு அசலாக அதேதான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பல மாதமாகக் கேட்ட அழுகை. காட்சி முடிந்து விளக்கைப் போட்டார்கள், அம்மா வெந்நீர் குடித்தாள், சரியாக இருந்ததா என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் மகள் மூக்குக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். "என்கிட்ட அழுததும் இதுதானேம்மா" என்றாள்.

பாவி மனுஷி, வாங்கின மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். உண்மை என்னவென்றால், புருஷன் போன அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுததுதான் அந்த அழுகைக்கு ஆதி. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மைக் முன்னால் அது தானாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அது தொழிலுக்கு என்று ஆகிவிட்டது. மகள் போய்விடுவாளே என்று நெஞ்சு வலித்தது நிஜம்தான். ஆனால் தொண்டை தனக்குப் பழகின வழியிலேயே போய்விட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். முதலில் வந்தது அழுகைதான். மகள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. இவளும் போனாள். அழுதுவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதில், நன்றாக இரு என்று ஒரு வார்த்தைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. விமானம் ஏறிப் போன பிறகு நாலைந்து முறை போன் செய்தாள். ஹலோ என்ற சத்தம் காதில் விழுந்ததுமே அழுகை கிளம்பிவிடும். "மைக்கை ஆஃப் பண்ணிட்டுப் பேசும்மா" என்று சொல்லி மகள் வைத்துவிடுவாள். கடைசித் தடவை அதைக்கூடச் சொல்லாமல் வைத்தாள். அதற்கப்புறம் இவள் போன் செய்யவே இல்லை. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இடையில் பாலமாக இருந்தவர் மாப்பிள்ளைதான். வாரத்துக்கொருமுறை ஆபீஸ் கேன்டீனிலிருந்து, பெண்டாட்டிக்குத் தெரியாமல், அத்தையைக் கூப்பிட்டுப் பேசுவார். காய்ச்சல் வந்து போனது, வீடு மாற்றியது, பால்கனியில் செடி வைத்தது எல்லாம் அவர் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். விடுமுறை நாள் மதியம் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஓடிடியில் 'பார்த்தே ஆக வேண்டிய விருதுப் படங்கள்' என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதிலிருந்து ஒன்றை மகள் பொறுக்கிப் போடுவாள். எந்த ஊர்ப் படமானாலும் மூல மொழியில்தான், கீழே எழுத்து ஓடும். தமிழில் டப்பிங் செய்த படம் என்றால் தொடவே விடமாட்டாள். "டப்பிங் போட்டா எங்கேயாவது ஒரு மூலையில எங்கம்மா அழுவாங்க" என்பாளாம். மாப்பிள்ளை இதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவள் சிரித்து மழுப்பினாள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளையிடம் படத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள். விடுமுறை மதியம் தன் அறையில் போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து அதே படத்தைப் போடுவாள். எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் அடுத்த வரி வந்து அதை விழுங்கிவிடும். ஒரு படத்தில் ஒரு கிழவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார், மேலே போய் அதில் உட்கார்ந்தார், படம் முடிந்துவிட்டது. இதற்கு மூன்று விருதாம். ஒருத்தர் வாய்விட்டு அழ வேண்டுமே, கிடையாது. என்ன கண்றாவியோ என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு படத்தைக்கூட விட்டதில்லை. இந்த இடத்தில் கடுகு சிரித்திருப்பாள், இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கட்டிலில் கொஞ்சம் இடம்கூட விட்டுத்தான் உட்காருவாள்.

இப்படி இருக்கும்போது, அந்த விருது வரிசையில் சிலவற்றைத் தமிழிலும் கொண்டுவரலாம் என்று அந்த ஓடிடி கம்பெனி முடிவு செய்தது. வசனம் எழுதி டப்பிங்கை நடத்திக் கொடுக்கிற வசனகர்த்தா, இவளைவிட வயதில் சிறியவர், ஓடி வந்து இவளைப் பிடித்தார். மகளைப் பிரிந்த தாய், படம் முழுக்க அவள்தான், அக்காவை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு முழுப் பாத்திரம். போய் நின்றால், அந்தத் தாய் அழவே இல்லை. கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார் மகானுபாவர்.

படத்தில் அவள் ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கிறவள். மகள் வேறு தேசத்தில். ஒரு நீண்ட காட்சியில் ஜன்னலைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகளோடு போனில் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் தெரியுமா? மூலைவீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதாம். புது வாளி வாங்கினாளாம், கைப்பிடி சரியில்லையாம். தெருமுனை மரத்தை வெட்டிவிட்டார்களாம், வெயில் நேரே கடைக்குள் அடிக்கிறதாம். அவ்வளவுதான். அந்தக் காட்சிக்காகத்தான் அந்த நடிகைக்கு விருதே கொடுத்தார்கள் என்றார் வசனகர்த்தா. இதுக்கா என்று கேட்டுவிட்டாள் அழுகையக்கா.

பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாய் குட்டி போட்டது என்று ஆரம்பித்தால் 'குட்டி'யிலேயே குரல் தழுதழுத்தது. வாளியில் ஒரு விக்கல் வந்து உட்கார்ந்தது. மரத்துக்கு வந்தபோது ஒப்பாரியே வைத்துவிட்டாள். வசனகர்த்தா தலையில் கைவைத்துக்கொண்டார். மரத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள் அக்கா, மனுஷனை இல்லை என்றார். காலையிலிருந்து மதியம் வரை அதே காட்சிதான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவளே சொல்லிவிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் அவர் உள்ளே வந்து, வசனத் தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அந்தம்மாவுக்கு ஒரே பயம்தான். அழுதா மக போனை வெச்சிடுவா. அவ வைக்காம இருக்கணும், அதுக்குத்தான் நாயி, வாளின்னு பேசிட்டிருக்காங்க."

 அவர் வெளியே போனதும் ஒலிப்பதிவு விளக்கு எரிந்தது. நாய் குட்டி போட்ட கதையைச் சொன்னாள். வாளியைச் சொன்னாள், மரத்தைச் சொன்னாள். நேரே பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். முடிந்தபோது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வசனகர்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவளுக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் திக்கென்றது. "சாப்பிட்டியா" என்பதற்கு முன்னால் அந்தப் படத்து மகளின் பெயர் வர வேண்டும். இவள் சொன்னது கடுகு. டப்பிங்கில் முகம் தெரிந்தால்தான் உதட்டசைவைப் பார்த்து வார்த்தையை அளந்து போடுவார்கள். முதுகு காட்டுகிற இடத்தில் எந்த வார்த்தையும் உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஒருவர் காதிலும் உறுத்தவில்லை. உடனே போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தொழில் தர்மம் அதுதான். போனைக் கையில் எடுத்தாள், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

படம் வெளிவந்தது. அடுத்த வாரம் கேன்டீனிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். அத்தை பேசியது என்று அவருக்குத் தெரியும். ஆகவே மகள் சமையலறையில் இருந்த சமயம் பார்த்து ஒலியைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார். முதல் வசனம் காதில் விழுந்ததுமே கரண்டியோடு வந்து நின்று, அணைக்கச் சொல்லிவிட்டாளாம். இவரும் அணைத்துவிட்டாராம்.

"ஆனா அத்தை, மறுநாள் டிவியைப் போட்டா அந்தப் படம் பாதியில நிக்குது. எதுவரைக்கும் பார்த்தோம்னு காட்டுற சிவப்புக் கோடு சரியா அந்த போன் சீன்ல நிக்குது. நான் வீட்டுல இல்லாதப்போ பார்த்திருக்கா. அடுத்த நாளும் அங்கேயே நிக்குது. தெனம் அங்கதான் நிக்குது."

ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். ஒரு வார்த்தை இல்லை என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அப்புறம் மெல்ல மெல்ல வேறொரு எண்ணம் அரிக்க ஆரம்பித்தது. தன் குரல் மகளின் வீட்டுக்குள் போய்விட்டது. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தினமும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறது. பெற்றவள் மட்டும் இங்கே தனியாகக் கிடக்கிறாள். சொன்னால் சிரிப்பீர்கள், சொந்தக் குரல் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. மகள் ஒரு பட்டனை அழுத்தினால் அம்மா பேசுகிறாள், வேண்டாம் என்றால் நிற்கிறாள். இனி அவளுக்கு எதற்கு நிஜ அம்மா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலமானால், இந்நேரம் போட்டிருப்பாள் என்று வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள்.

அப்போதுதான் வசனகர்த்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒரு பார்வையாளர் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், போன் காட்சியில் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்துங்கள் என்று. போட்டுக் கேட்டால் நிஜம்தானாம். ஒரே ஒரு வார்த்தை, வந்து பேசிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அப்படியே விட்டால் என்ன என்று இவள் கேட்டாள். விடமாட்டார்கள் அக்கா, நீங்கள் வராவிட்டால் அந்தக் காட்சியையே வேறு ஆளை வைத்துப் பேசவைத்துவிடுவார்கள் என்றார். எந்தப் புண்ணியவான் இந்தக் காரியத்தைச் செய்தானோ, அவன் வாயில் மண் விழ என்று மனசாரத் திட்டிக்கொண்டே மறுநாள் காலை கிளம்பிப் போனாள்.

மைக் முன்னால் நின்று அந்த அயல்தேசத்துப் பெயரைச் சொன்னாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. கடுகு இருந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இதை ஒட்டினார்கள். ஓட்டிக் காட்டினார்கள். ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. நாளையிலிருந்து எல்லா வீட்டிலும் இதுதான் வரும் என்றார் வசனகர்த்தா.

வெளியே நடைபாதையில் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் வந்து நின்றாள். நாளைக்கு மகள் அந்தப் படத்தைப் போடுவாள். நாய் வரும், வாளி வரும், மரம் வரும். அப்புறம் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வரும். என்ன நினைப்பாள்? அம்மா கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள் என்றுதானே நினைப்பாள்? ஒரே ஒரு தடவை அழாமல் கூப்பிட்டாள், அதையும் வேண்டாம் என்று அழித்துவிட்டாள் என்றுதானே அந்தக் குழந்தைக்குப் படும்? அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாகத் தொடாத எண்ணைத் தேடி எடுத்து அழுத்திவிட்டாள்.

ஹலோ என்றது மகளின் குரல். லேசாகச் சளி பிடித்திருக்கிறது என்று இவள் காது கண்டுகொண்டது. அதற்குள் தொண்டையில் அந்தப் பழைய சங்கதி ஏறி வரத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கடுகு, நான்தான்."

பதில் இல்லை. வைக்கவும் இல்லை.

"அந்தப் படத்துல உன் பேரைச் சொல்லிட்டேன். வேணும்னு சொல்லலடி, வாய் தவறி வந்துடுச்சு. யாரோ புகார் குடுத்துட்டாங்க. இப்பதான் மாத்திக் குடுத்துட்டு வர்றேன். நாளையிலிருந்து அந்தப் பேரு அங்க இருக்காது. நீ போட்டுப் பார்த்துட்டு, அம்மா திருப்பி எடுத்துக்கிட்டான்னு நெனச்சுக்கக் கூடாது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. 

"தெரியும்மா" என்றாள் மகள். "புகார் குடுத்ததே நான்தான்."

இவள் அங்கிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏண்டி என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.  மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அது அங்க இருந்தா எனக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சும்மா. தெனம் போட்டுக் கேட்டுட்டு, உனக்குப் போன் பண்ணாமலே இருந்துட்டேன். இப்படியே காலம் போயிடுமோன்னு பயம் வந்துடுச்சு. அது இல்லாம போனா நான் உன்கிட்டதானே வந்தாகணும்."

அழுகையக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து என்னவோ வந்தது. இழுப்பும் இல்லை, விக்கலும் இல்லை, சத்தமே சரியாக வெளியே வரவில்லை. முகமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுகி, மைக் முன்னால் வந்திருந்தால் எந்த வசனகர்த்தாவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய கோணல்மாணலான ஒன்று. போனைத் தள்ளிப் பிடிக்க நினைத்தாள், கை கேட்கவில்லை.

"அம்மா, அழறியா?"

"தெரியலடி" என்றாள்.

மகள் போனை வைக்கவில்லை.